ஆற்றுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்: நம் கோடைச் சந்திப்பு விழாக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

விழாக்குழு நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஜூன் மாதச் சந்திப்பில் என்ன நடந்தது என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. நீங்களும் இருந்தீர்கள், நானும் இருந்தேன். மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன், ஒரு கட்டைவிரல் படம் வந்தது. போனில் கூப்பிட்டுக் கேட்டேன், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம், விடுங்கக்கா" என்றீர்கள். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை நாம் நியூ ஜெர்சியின் வாஷிங்டன் கிராசிங் பூங்காவில் கூடும்போது, சாப்பாட்டுக்கு முன்னால், எல்லோரும் சேர்ந்து ஆற்றங்கரைக்கு நடந்து போய் வர ஒரு மணி நேரம் வேண்டும். அது நிகழ்ச்சி நிரலில் இருந்தால் மட்டும் போதாது, நடக்கவும் வேண்டும்.

ஏனென்றால் இந்த வருஷமும் நிரலில் இருந்தது. "காலை 11 மணி, டெலவர் ஆற்று நடை" என்று அச்சடித்தே கொடுத்தீர்கள். அழைத்துப் போகும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்காக இரண்டு வாரம் வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து படித்தேன், அதற்கு முந்தின சனிக்கிழமை தனியாக ஒருமுறை போய், வயதானவர்கள் எங்கே உட்கார்ந்து இளைப்பாறலாம், குழந்தைகளை எந்த இடத்தில் கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும் என்றெல்லாம் பார்த்து வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு 11 மணிக்கு மைக் செட் சரியாகவில்லை. 12 மணிக்குச் சிறப்பு விருந்தினர் "கிளம்பிவிட்டார்". ஒன்றரைக்கு வந்தார். அப்புறம் வரவேற்புரை, பொன்னாடை, அவர் பேச்சு, சாப்பாடு, குலுக்கல் பரிசு, குழுப்படம். மூன்று மணிக்கு வந்து கேட்டேன், நாலு மணிக்கு வந்து கேட்டேன். இரண்டு முறையும் "இதோ, இது முடிஞ்சதும்" என்றீர்கள்.

என் அப்பாவும் வந்திருந்தார். உங்களில் பலர் அவருக்கு வணக்கம் சொன்னீர்கள், ஒருவர் அன்போடு நாற்காலியை நிழலுக்கு நகர்த்திப் போட்டுக் கொடுத்தார், அதற்கு நன்றி. அவருக்கு வயது 74. லால்குடிப் பக்கத்துக்காரர். பெருவளை வாய்க்காலில் முப்பது வருஷத்துக்கு மேல் லஸ்கராக இருந்தவர். லஸ்கர் என்றால் தெரியாதவர்களுக்கு: மதகைத் திறப்பது, அடைப்பது, கரை உடைகிறதா என்று ராத்திரியில் டார்ச் விளக்கோடு போய்ப் பார்ப்பது, கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை என்று சண்டைக்கு வருகிறவரைச் சமாதானம் பண்ணுவது, இதுதான் வேலை. ஜூன் 12 வந்தால் மேட்டூர் திறந்தாச்சா என்று இன்றைக்கும் காலையிலேயே போன் பண்ணிக் கேட்கிற ஆள். ஆறு மாதம் இங்கே எங்களோடு இருந்ததில் மால் பார்த்தார், கோயில் பார்த்தார், நயாகரா பார்த்தார். ஆனால் அவராக வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "உங்க ஊர் ஆறு எதும்மா? அதைக் காட்டு." நான் சொன்னேன், பிக்னிக் அன்றைக்குப் போகிறோம்பா, நான்தான் எல்லோரையும் கூட்டிப் போகிறேன்.

சந்திப்பு ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை அவருக்கு விமானம்.

அன்று முழுக்க அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்ததால் நான் சொல்வதே அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. இடையில் இரண்டு முறை, "ஆறு எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். நான் மரங்களுக்கு நடுவே மேற்கே கையைக் காட்டினேன். மேட்டிலிருந்து இறங்கி, 29ஆம் எண் சாலையையும் அதை ஒட்டிய வாய்க்காலையும் தாண்டினால் ஆறு. அவ்வளவு பக்கம். நானே அவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம், போனிலும் அதைத்தான் சொன்னீர்கள். ஆனால் நாற்பது பேர் பெயர் கொடுத்திருந்தார்கள், அவர்களை விட்டுவிட்டு நான் எப்படிப் போவது? ஒவ்வொரு முறையும் "இதோ" என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் இருந்தேன்.

ஆறு மணி வாக்கில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். கடைசியில் இருந்தது நாங்களும் இன்னொரு குடும்பமும்தான். சரி, இப்போதாவது போகலாம் என்று அப்பா எழுந்து செருப்பை மாட்டினார். அப்போதுதான் பூங்கா ஊழியர் ஒருவர் வண்டியில் வந்து இறங்கினார். கழிப்பறைச் சுவர் ஓரமாக நாம் அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்த ஒன்பது கறுப்புப் பைகளைக் காட்டி, இது உங்கள் குழுவுடையதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இங்கே குப்பைத் தொட்டி கிடையாது, கொண்டு வந்ததை நீங்களேதான் திருப்பி எடுத்துப் போக வேண்டும், ராத்திரி ரக்கூன் வந்து கிழித்துப் போட்டுவிடும் என்றார். ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நியூ ஜெர்சியின் மாநிலப் பூங்காக்களில் இது பல வருஷமாக இருக்கிற வழக்கம்தானே, வருஷா வருஷம் அங்கே கூடுகிற நமக்குத் தெரியாதா?

அந்தக் குடும்பம் நாலு பையை எடுத்துக்கொண்டது. மீதி ஐந்தும் எங்கள் காரில். நாலு பையோடு டிக்கி நிறைந்துவிட்டது. ஐந்தாவதில் சாம்பார் ஒழுகியது, அதனால் அப்பாவின் காலடியில் ஒரு செய்தித்தாளை விரித்து, பையைச் சாயாமல் அவர் முழங்காலுக்கு நடுவே நிறுத்தி வைத்தேன். இதற்கே ஏழு மணி ஆகிவிட்டது. காலையிலிருந்து உட்கார்ந்தே இருந்ததில் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. "இன்னொரு நாள் பாத்துக்கலாம்மா" என்றார். இன்னொரு நாள் எது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

29ஆம் சாலையில் தெற்கே வரும்போது கண்ணாடி வழியாக அந்த வாய்க்கால் தெரிந்தது. ஒரு கையால் பையின் கழுத்தைப் பிடித்தபடியே குனிந்து பார்த்தார். "இது என்னம்மா, பாசன வாய்க்காலா?" என்றார். இல்லைப்பா, முன்னாடி படகு விடுவதற்காக வெட்டினது, இப்போது குடிதண்ணீர் என்றேன். நடு ஜெர்சியில் பத்து லட்சம் பேருக்கு மேல் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கரையை நல்லா வச்சிருக்கான்" என்றார். டெலவர் ஆற்றை மரங்களின் இடைவெளியில் இரண்டு மூன்று இடத்தில், கார் ஓடுகிற வேகத்தில் பார்த்தார். அவ்வளவுதான் அவர் பார்த்த ஆறு. புதன்கிழமை ஊருக்குப் போய்விட்டார்.

இதைப் படித்து நீங்கள் வருத்தப்பட வேண்டும் என்று எழுதவில்லை. வருத்தப்பட்டால் தப்பில்லை என்றும் நினைக்கிறேன்.

நான் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன சொல்ல இருந்தேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலில் ஜான்சன் படகுத்துறை வீட்டின் முன்னால் நிறுத்துவதாக இருந்தேன். 1740 வாக்கில் கட்டிய வீடு, இன்றும் நிற்கிறது. அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1776 டிசம்பர் 25 இரவு, எதிர்க்கரையான பென்சில்வேனியாவிலிருந்து வாஷிங்டனும் ஏறத்தாழ 2,400 படைவீரர்களும் ஆற்றைக் கடந்து இந்தக் கரையில்தான் இறங்கினார்கள். ஆற்றில் பனிக்கட்டிகள் மிதந்து வருகின்றன, மேலே ஆலங்கட்டியும் பனியுமாகக் கொட்டுகிறது, பல வீரர்களுக்குக் காலில் செருப்பே இல்லை, கந்தலைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். நள்ளிரவுக்குள் எல்லோரும் கரையேறிவிட வேண்டும் என்பது திட்டம். கடைசிப் பீரங்கி கரையேறும்போது விடிகாலை மூன்று மணி. பதினெட்டுப் பீரங்கி, அவற்றை இழுக்கக் குதிரைகள். கடலோர ஊரான மார்பிள்ஹெட்டின் மீனவர்களும் மாலுமிகளும் நிறைந்த ஒரு படைப்பிரிவுதான் படகு தள்ளியது. அதில் கறுப்பினத்தவரும் பூர்வகுடியினரும் இருந்தார்கள். அன்று தெற்கே வேறு இரண்டு இடங்களிலும் கடக்க ஏற்பாடு இருந்தது, இரண்டையும் பனிக்கட்டி கெடுத்துவிட்டது. இந்தத் துறை ஒன்றுதான் கைகொடுத்தது. இங்கிருந்து அவர்கள் டிரென்டனுக்கு 14 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார்கள், காலை எட்டு மணிக்குத் தாக்கினார்கள், பிரிட்டனுக்காகக் கூலிக்குப் போரிட்ட ஜெர்மானியர்களான ஹெசியப் படையினரில் ஏறத்தாழ 900 பேரைச் சிறைபிடித்தார்கள். அவர்கள் நடந்துபோன பாதையில் ஒரு துண்டு பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது, மரங்களுக்கு நடுவே ஒரு மண் பாதையாக. நாம் கார் நிறுத்திய இடத்திலிருந்து நடந்தே போகலாம்.

நம் பிள்ளைகள் எல்லோரும் பள்ளிப் பாடத்தில் அந்த ஓவியத்தைப் பார்த்திருக்கிறார்கள், வாஷிங்டன் படகில் எழுந்து நிற்பாரே, அது. 1851இல் ஜெர்மனியில் உட்கார்ந்து ஒருவர் வரைந்தது. அதில் இருக்கிற கொடி 1776இல் கிடையாது, அடுத்த வருஷம்தான் வந்தது. உண்மையில் கடந்தது நடு ராத்திரியில், பெரும்பாலும் டர்ஹாம் படகுகளில். இரும்பு ஆலைக்குச் சரக்கு ஏற்றும் நாற்பது, அறுபது அடி நீளப் படகுகள் அவை. என் மகளிடம் இதைச் சொன்னபோது, "அப்போ நாம அந்த இடத்துக்கே போகப் போறோமா?" என்று கண்ணை விரித்தாள். போனோம். அவள் குலுக்கலில் ஒரு தண்ணீர்க் குப்பியோடு வீட்டுக்கு வந்தாள்.

அடுத்து வாய்க்கால். டெலவர் ராரிட்டன் கால்வாயின் ஊட்டுக் கால்வாய் அது, அதாவது பெரிய கால்வாய்க்கு ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்ப்பது. 1830இல் தொடங்கி 1834 வரை வெட்டினார்கள். வெட்டியவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், கையில் மண்வெட்டியும் கடப்பாரையும்தான். 1832இல் காலரா வந்து அவர்களில் பலர் வேலைக் களத்திலேயே செத்தார்கள். பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்தவர்களின் கதை நமக்கு அந்நியமா? நம் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர் அவர்கள் வெட்டிய வழியில்தான் வருகிறது என்று நம் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

அப்புறம் ஆறு. இந்த டெலவரின் முதன்மை ஓட்டத்தில் தலையிலிருந்து கடல் வரை, 530 கிலோமீட்டருக்கு, ஓர் அணை கூடக் கிடையாது. இதை அப்பாவிடம் அந்தக் கரையில் நின்று சொல்ல வேண்டும் என்று ஆசையாக வைத்திருந்தேன். அணையும் மதகுமாகவே ஆற்றைப் பார்த்த மனிதர் என்ன சொல்வார் என்று கேட்கத்தான். அணை இல்லாததால் இன்றும் வசந்தத்தில் ஷாட் மீன் கடலிலிருந்து ஏறி மேலே வந்து முட்டையிடுகிறது. நம்ம ஊர் உல்லத்துக்கு உறவுக்கார மீன். அதைப் பிடித்துத் தின்று இந்தக் கரைகளில் வாழ்ந்தவர்கள் இந்த மண்ணின் பூர்வகுடியினரான லெனாப்பே மக்கள். 1737இல் எதிர்க்கரையில் பென்சில்வேனியாவின் ஆட்சியாளர்கள், ஒருவன் ஒன்றரை நாளில் எவ்வளவு தூரம் நடப்பானோ அவ்வளவு நிலம் என்று ஒரு பத்திரத்தைக் காட்டி, வேகமாக ஓடக்கூடிய ஆட்களைக் கூலிக்குப் பிடித்து, பாதையை முன்கூட்டியே சீர்படுத்தி வைத்து, லட்சக்கணக்கான ஏக்கரை அவர்களிடமிருந்து பறித்தார்கள். இன்று அவர்களின் வழிவந்தவர்கள் ஓக்லஹோமாவிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும் இருக்கிறார்கள். இந்தக் கதையை ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னால்தான் மனதில் நிற்கும். மைக் பிடித்துச் சொல்கிற விஷயம் இல்லை.

முடிந்தால் பாலத்தின் நடைபாதையிலும் ஏறிப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். 1903 வெள்ளத்தில் பழைய மரப்பாலம் அடித்துப் போன பிறகு 1904இல் கட்டிய இரும்புப் பாலம், இரண்டு கார் எதிரெதிரே வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அகலம். நடுவில் நின்றால் காலடியில் ஆறு முழுக்கத் தெரியும். நான் போன சனிக்கிழமை ஒரு நாரை முழங்கால் தண்ணீரில் அசையாமல் நின்றது, அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவையும் ஒரு மணி நேரத்தில் சொல்ல முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். பாதியைச் சொன்னாலும் போதும். பாதி கூடக் கிடைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இதோடு நிறுத்தத்தான் நினைத்தேன், ஆனால் மனதில் இருப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் நாம் காவிரியைப் பற்றிப் பேசுகிறோம். கரிகாலன் கட்டிய கல்லணை என்று பிள்ளைகள் மேடையில் மனப்பாடமாகச் சொல்கிறார்கள், நாமும் கை தட்டுகிறோம். காவிரியில் தண்ணீர் வரவில்லை என்றால் இங்கிருந்தே கொதிக்கிறோம். ஆனால் பதினைந்து வருஷமாக எந்த ஆற்றின் தண்ணீரைக் குடிக்கிறோமோ அதன் கரையில் கால் வைக்க நமக்கு நேரமில்லை. ஒலிபெருக்கிக்கு நேரம் இருக்கிறது. பொன்னாடைக்கு நேரம் இருக்கிறது. ஒருவர் இரண்டரை மணி நேரம் தாமதமாக வந்தால், தொண்ணூறு குடும்பங்கள் காத்திருக்க நேரம் இருக்கிறது. ஊரிலிருந்து வந்த பெரியவர்களை முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டால் மரியாதை முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். அவர்கள் என்ன பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று யாராவது கேட்டோமா? குப்பை விஷயத்தில் நாம் நடந்துகொண்டதைப் பற்றி நான் மேலே எழுதியதற்கு மேல் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நம் ஊரில் பிக்னிக் என்ற சொல் வருவதற்கு முன்னாலேயே இது நமக்குத் தெரிந்த விஷயம்தான். ஆடிப்பெருக்கு அன்றைக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போவோம். முதலில் ஆறு, அப்புறம்தான் தூக்குவாளி திறப்போம். புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம் எல்லாம் இருந்தாலும் ஆற்றில் கால் நனைக்காமல் எங்கள் பாட்டி ஒரு பருக்கை கொடுக்க மாட்டார். அந்த வரிசையைத்தான் நான் கேட்கிறேன். ஆறு முதலில், சோறு அப்புறம்.

கோபத்தில் நீளமாகிவிட்டது, மன்னியுங்கள். நீங்கள் எல்லோரும் சொந்த வேலையை விட்டுவிட்டு உழைக்கிறவர்கள் என்று எனக்குத் தெரியும். எண்பது கிலோ அரிசியை விடியற்காலையில் எழுந்து யார் வடித்தார்கள் என்றும் தெரியும். அதனால்தான் சண்டை போட்டுக்கொண்டு விலகாமல் கேட்கிறேன். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். காலை பத்தரை முதல் பதினொன்றரை வரை ஆற்று நடை. அந்த நேரத்தில் ஒலிபெருக்கி போடக் கூடாது. விருந்தினர் வந்துவிட்டால் அவரும் நம்மோடு நடக்கட்டும், வரவில்லை என்றால் திரும்பி வந்து வரவேற்போம். நடக்க முடியாத பெரியவர்களைக் காரில் கரை வரை கொண்டுபோய்ச் சேர்க்க மூன்று பேர் பொறுப்பு எடுத்துக்கொள்ளட்டும், அதில் ஒரு கார் என்னுடையது. போகும்போது குடும்பத்துக்கு ஒரு குப்பைப் பை, அவரவர் டிக்கியில். 2026 டிசம்பரோடு அந்த இரவு நடந்து 250 வருஷம் ஆகிறது, பூங்காவுக்குக் கூட்டம் எங்கிருந்தெல்லாமோ வரும். பக்கத்திலேயே இருக்கும் நாம் அந்தக் கரையைப் பார்க்காமல் இருக்க வேண்டாம்.

அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுவார். போன வாரம் கேட்டார், "அந்த வாய்க்கால்ல இப்ப தண்ணி எவ்வளவும்மா போகுது?" நான் அன்று சாயங்காலமே போய்ப் படம் எடுத்து அனுப்பினேன். வாய்க்காலை எடுத்தேன், அப்படியே நடந்து போய் ஆற்றையும் எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அக்கரையில் தெரிகிறது என்ன ஊர் என்று கேட்டு எழுதியிருந்தார்.

தயவுசெய்து அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுங்கள். உங்கள் பதிலை இங்கேயே எழுதினால் பெயர் கொடுத்த நாற்பது பேரும் பார்ப்பார்கள்.

அன்புடன்,
எட்டு வருஷமாக உங்களோடு இருக்கும் ஓர் உறுப்பினர்